அமலேக்கியரின் குழந்தைகளைக் கடந்துபோக முடியாத சகோதரிக்கு

கேள்வி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணையை வைத்து வாசித்துவந்த ஒரு சகோதரி 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டார். அமலேக்கியரில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், பால்குடிக்கும் குழந்தைகள், ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று ஒன்றையும் விடாமல் கொன்றுபோடச் சொல்லி, தீர்க்கதரிசியான சாமுவேல் வழியாகக் கர்த்தர் இஸ்ரவேலின் ராஜாவான சவுலுக்குக் கட்டளை கொடுக்கிற இடம் அது. சபையில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டதற்கு, "அவருடைய வழிகள் நம் வழிகள் அல்ல, கேள்வி கேட்காமல் கடந்துபோங்கள்" என்றாராம். சகோதரி ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர். "கடந்துபோகவும் முடியவில்லை, வேதத்தை மூடிவைக்கவும் மனசு வரவில்லை. இந்த வசனத்தையும் வைத்துக்கொண்டு ஆண்டவர்மேல் நம்பிக்கையாக இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும் என்றுதான் நான் நம்புகிறேன், சகோதரி. ஆனால் அந்தக் குழந்தைகள் செத்தது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டால்தான் கிடைக்கும் நம்பிக்கை என்றால் அது எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். நம்முடைய நம்பிக்கை அமலேக்கின் குழந்தைகளுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். பழைய ஏற்பாட்டைப் பல வருஷமாகப் படித்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதல் விஷயம், உங்களுக்கு வந்த கலக்கம் விசுவாசக் குறைவினால் வந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இதே அதிகாரத்தை வாசித்த யூத ரபிமாரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். அந்த ரபிமாரின் விளக்கங்களைத் தொகுத்த பாபிலோனிய தல்மூதில், யோமா என்ற பகுதியில், இந்தக் கேள்வியைச் சவுலின் வாயிலேயே வைத்திருக்கிறார்கள். வெளியிலே ஒரே ஒரு மனிதன் கொலையுண்டு கிடந்தால்கூட ஒரு கடாரியைக் கழுத்து முறித்துப் பரிகாரம் தேடச் சொல்கிறதே நியாயப்பிரமாணம், அப்படியிருக்க இத்தனை உயிருக்கு என்ன சொல்வது, பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றே இருக்கட்டும், சிறுபிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சவுல் கேட்கிறான். வானத்திலிருந்து ஒரு குரல் வந்து, "மிஞ்சின நீதிமானாயிராதே" என்று பிரசங்கி புத்தகத்தின் வார்த்தையால் அவனை அடக்குகிறது. கேள்விக்குப் பதில் வரவில்லை, கவனித்தீர்களா. பதில் இல்லை என்று தெரிந்தும் அந்தக் கேள்வியை அழிக்காமல் எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பாடமாகப் படித்துவந்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவர்கள் பக்கமும் அப்படித்தான். நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்துப் பேராயராக இருந்த கிரெகோரி, திரித்துவ உபதேசத்தை வரையறுத்ததில் முக்கியமான பங்குள்ளவர், மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறார். பாவம் செய்தவன் பார்வோன், செத்தது இன்னும் நன்மை தீமை அறியாத பச்சைப்பிள்ளை, இதில் நீதி எங்கே என்று வெளிப்படையாகவே கேட்கிறார். மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்கிறதே என்று வேதத்தை வைத்தே கேட்கிறார். அவரைச் சபை பரிசுத்தவான் என்றுதான் இன்றுவரை அழைக்கிறது.

சரி, உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக்கூடிய பதில்களைப் பார்த்துவிடலாம். அமலேக்கியர் அவ்வளவு கொடியவர்கள், அதனால் அது நியாயத்தீர்ப்பு என்பார்கள். உபாகமம் 25 அவர்கள்மேல் ஒரு குற்றம் சாட்டுவது உண்மைதான், எகிப்திலிருந்து களைத்து வந்த ஜனத்தில் பின்தங்கிப்போன பலவீனர்களை அடித்தார்கள் என்று. ஆனால் அது நடந்தது மோசேயின் காலத்தில். சவுலின் காலத்துக் கைக்குழந்தைக்கும் அதற்கும் பல தலைமுறை தூரம். அடுத்து, அந்தக் குழந்தைகள் நேரே பரலோகம் போய்விட்டன என்பார்கள். இந்தப் பதிலை எந்தத் தாயிடமும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், முடியாது, அதன் கணக்குப்படி போனால் எந்தக் குழந்தையைக் கொன்றாலும் நல்லதுதான் என்று ஆகிவிடும். படைத்தவர் எடுத்துக்கொண்டார், அவரை யார் கேட்பது என்பது மூன்றாவது. அவரை ஆபிரகாம் கேட்டான். சோதோமுக்காக நின்று, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று நேருக்கு நேராகக் கேட்டு, ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும் பேரம் பேசினான், கர்த்தரும் ஒவ்வொரு தடவையும் இறங்கிவந்து பதில் சொன்னார். கேட்கக்கூடாது என்று சொல்கிறவர்கள் ஆதியாகமம் 18-ஐ என்ன செய்வார்கள்?

இப்போது அதிகாரத்துக்கே வருவோம். இதை ஒரே மூச்சில் வாசித்தால் மூன்றாம் வசனம் மட்டும்தான் மனசில் நிற்கும், அதனால் மெதுவாக வாசிக்க வேண்டும். பதினோராம் வசனத்தில், சவுல் கட்டளையை முழுவதும் நிறைவேற்றவில்லை என்பதால், அவனை ராஜாவாக்கினது மனஸ்தாபமாயிருக்கிறது என்று கர்த்தர் சொல்கிறார். இருபத்தொன்பதாம் வசனத்தில் சாமுவேல், இஸ்ரவேலின் தேவன் மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்கிறான். கடைசி வசனம் திரும்பவும் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று முடிகிறது. இந்த மூன்றையும் ஒரே அதிகாரத்தில் வைத்தவருக்கு இது முரண் என்று தெரியாமல் இருக்காது. இன்னொன்று, கர்த்தர் பேசிய அந்த ராத்திரி முழுவதும் சாமுவேல் மனம் நொந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான் என்று இருக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று எழுதவில்லை.

அப்புறம் இதே புத்தகத்தில் ஏழு அதிகாரம் தள்ளிப் போங்கள். 22-ஆம் அதிகாரம். தாவீதுக்கு அப்பம் கொடுத்தார்கள் என்ற கோபத்தில், ஆசாரியர்களின் ஊரான நோபை அழிக்கச் சவுல் உத்தரவிடுகிறான். பக்கத்தில் நிற்கும் சேவகர்கள் ஆசாரியர்மேல் கையோங்க மாட்டோம் என்று மறுத்துவிடுகிறார்கள், ராஜாவின் உத்தரவு என்று தெரிந்தும் மறுக்கிறார்கள். ஏதோமியனான தோவேக்குதான் போய் வெட்டுகிறான். யாரையெல்லாம் வெட்டினான் என்று அங்கே ஒரு பட்டியல் வருகிறது, கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்: புருஷர், ஸ்திரீகள், பிள்ளைகள், கைக்குழந்தைகள், மாடுகள், கழுதைகள், ஆடுகள். கிட்டத்தட்ட 15-ஆம் அதிகாரத்தின் பட்டியல் அப்படியே திரும்பி வருகிறது, ஒட்டகம் மட்டும் இல்லை. இந்தத் தடவை அதைப் படிக்கிற யாருக்கும் அது படுகொலை என்பதில் சந்தேகம் வராது, எழுதினவருக்கும் வரவில்லை. அமலேக்கில் நடந்தபோது கீழ்ப்படிதல் என்று எழுதப்பட்ட அதே செயல், நோபில் நடக்கும்போது பாவம் என்று தெரிகிறது. எழுதியவர் வேண்டுமென்றே இப்படி வைத்தாரா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் வாசிக்கிறவர் கண்ணுக்கு இது தப்பக்கூடாது, ஏனென்றால் நோபின் குழந்தைகளுக்காக அழ முடிகிற மனசு அமலேக்கின் குழந்தைகளுக்காகவும் அழும்.

வரலாறு என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் காலத்து ராஜாக்கள் போரைப் பற்றி எழுதிய விதம் ஒன்று உண்டு. எகிப்து ராஜா மெர்னெப்தா கி.மு. 1208 வாக்கில் நாட்டிய கல்லில், இஸ்ரவேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை என்று எழுதியிருக்கிறது. வித்து இல்லாமல் போயிருந்தால் தாவீது எங்கிருந்து வந்தான்? யோர்தானில் தீபான் என்ற ஊரில் 1868-இல் கிடைத்த மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டு, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபோ என்ற ஊரைப் பிடித்து ஏழாயிரம் பேரை, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் கொன்று தன் தெய்வத்துக்கென்று அர்ப்பணித்தேன் என்று அதில் மேசா பெருமையோடு சொல்கிறான். அவன் கொன்றது இஸ்ரவேலரை. மோவாபியரின் தெய்வமான கேமோஷின் பெயருக்குப் பதில் கர்த்தர் என்று போட்டால் யோசுவாவின் அதிகாரம் போலவே இருக்கும். ஆக, எல்லாரையும் கொன்று தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் பேசின பேச்சு, அதில் மிகைப்படுத்தல் நிறைய உண்டு.

வேதமே அதற்குச் சாட்சி. 15-ஆம் அதிகாரத்தில் அடியோடு ஒழிந்துபோன அமலேக்கியர் 27-ஆம் அதிகாரத்தில் உயிரோடு இருக்கிறார்கள், 30-ஆம் அதிகாரத்தில் சிக்லாகைச் சுட்டெரித்துத் தாவீதின் மனைவிகளைச் சிறைபிடிக்கிறார்கள், 1 நாளாகமம் 4-இல் எசேக்கியா ராஜாவின் நாட்களில்கூட மீதியானவர்கள் இருக்கிறார்கள். யோசுவா தேசம் முழுவதையும் பிடித்தான் என்று 11-ஆம் அதிகாரத்தில் வாசித்துவிட்டு 13-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு வந்தால், இன்னும் மகா விஸ்தாரமான தேசம் பிடிபடாமல் இருக்கிறது என்று வருகிறது. உபாகமம் 7 அவர்களைச் சங்கரிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்களோடு பெண் கொடுத்து பெண் எடுக்காதே என்கிறது. செத்தவர்களோடு யார் சம்பந்தம் பண்ணுவார்கள்? தொல்லியலும் இதே பக்கம்தான் சாய்கிறது. தொல்லியல் அறிஞர் கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டிப் பார்த்ததில், அதன் பெரிய மதில் உள்ள நகரம் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துபோயிருந்தது, யோசுவாவின் காலமென்று பெரும்பாலோர் சொல்லும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே இடிந்துவிழ மதில் இருந்ததாகத் தெரியவில்லை. யோசுவா பிடித்ததாக எழுதியிருக்கும் ஆயி என்ற ஊராகக் கருதப்படும் மேட்டிலும் அந்தக் காலத்தில் குடியிருப்பு இல்லை. அவன் சுட்டெரித்ததாக எழுதியிருக்கும் ஆத்சோர் மட்டும் அந்த நூற்றாண்டில் நெருப்பில் அழிந்தது தெளிவாகத் தெரிகிறது, யார் கொளுத்தினார்கள் என்பதில்தான் வாக்குவாதம்.

இதெல்லாம் தெரிந்தால் மூச்சு கொஞ்சம் இலகுவாகும். ஆனால் இதோடு நின்றுவிடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நடக்கவில்லை, மிகைப்படுத்தல்தான் என்றாலும், குழந்தைகளைக் கொன்றதாகச் சொல்லி அதைக் கடவுளின் பெயரில் பெருமையாக எழுதி வைத்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. எழுதி வைத்ததை வாசித்தவர்கள் அப்படியே செய்தும் இருக்கிறார்கள். 1637-இல் அமெரிக்காவில், புதிய இங்கிலாந்துக் குடியேற்றக்காரர்கள் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் பழங்குடியினரின் கோட்டைக்குத் தீ வைத்து, ஓடி வந்தவர்களைச் சுட்டும் வெட்டியும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் நிறைய. அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரான ஜான் அண்டர்ஹில் அடுத்த வருஷமே அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கிறிஸ்தவர்களுக்கு இரக்கம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு, தாவீதின் யுத்தங்களைப் பாருங்கள், சில சமயம் பெற்றோரோடு பெண்களும் பிள்ளைகளும் அழிய வேண்டும் என்று வேதமே சொல்கிறது என்று பதில் எழுதிவைத்தார். கேள்வி கேட்காமல் கடந்துபோகச் சொல்கிற அறிவுரையின் ஆபத்து இதுதான். கேள்வி கேட்காமல் கடந்துபோகப் பழகினவனுக்கு, கேள்வி கேட்காமல் செய்யவும் வந்துவிடும்.

சரி, நான் என்ன நம்புகிறேன்? இயேசு அப்பா என்று கூப்பிட்ட தேவன் அமலேக்கியரின் குழந்தைகளைக் கொல்ல விரும்பினார் என்று நான் நம்பவில்லை. இஸ்ரவேலர் தங்கள் காலத்தின் காதுகளோடு அவரைக் கேட்டார்கள், சுற்றியிருந்த ஜனங்கள் தங்கள் தெய்வங்களைக் கேட்ட அதே விதமாக, கேட்டபடியே எழுதினார்கள். அந்த எழுத்தைத் தேவன் கிழித்துப்போடாமல், அதற்குள்ளேயே இருந்து, அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வந்தார். இதை எல்லாப் போதகர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், உங்கள் சபையிலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அவர்களும் ஆண்டவரை நேசிக்கிறவர்கள்தான். ஆனால் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே வேதம்தான்.

எப்படி என்றால், வேதம் தன்னோடு தானே வாதாடுகிறது. யெகூ என்ற படைத்தலைவன் யெஸ்ரயேல் என்ற ஊரில் ஆகாப் ராஜாவின் வீட்டாரை இரத்த வெள்ளத்தில் அழித்ததற்கு, என் பார்வைக்குச் செம்மையானதை நன்றாய்ச் செய்தாய் என்று 2 இராஜாக்கள் 10-இல் கர்த்தர் மெச்சிக்கொள்கிறார். ஓசியா தன் முதல் அதிகாரத்தில், அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வம்சத்தாரிடம் விசாரிப்பேன் என்று அதே கர்த்தரின் பெயரில் சொல்கிறான். ஜனத்தை எண்ணும்படி தாவீதை ஏவினது கர்த்தர் என்று 2 சாமுவேல் 24 சொல்கிறது, சாத்தான் என்று 1 நாளாகமம் 21 சொல்கிறது. மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படக்கூடாது என்று உபாகமம் 23 கதவை அடைக்கிறது, ரூத் என்ற மோவாபியப் பெண் அந்தக் கதவு வழியாகவே உள்ளே வந்து தாவீதின் கொள்ளுப்பாட்டி ஆகிறாள். தாங்கள் எழுதினதில் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டையும் வைத்துக்கொண்டே இஸ்ரவேலர் பிரயாணம் செய்திருக்கிறார்கள். அந்த வாதத்தில் நாமும் ஒரு பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது, நிற்காமல் வாசிக்க முடியாது.

இயேசுவும் நின்றார். நாசரேத் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் 61-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்பதோடு புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார், அடுத்து வருகிற சொற்கள் நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாள் என்பது. சமாரியர் ஊரின்மேல் எலியா செய்ததுபோல வானத்து அக்கினியை இறக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, அவர்களிடம் வேத ஆதாரம் இருந்தது, 2 இராஜாக்கள் முதல் அதிகாரம். அவர் அவர்களைத்தான் அதட்டினார். அப்புறம் மத்தேயு 15. மாற்கு அந்தப் பெண்ணைச் சீரோபேனிக்கியா தேசத்தாள் என்கிறான், அது அந்தக் காலத்து வழக்கமான பெயர். மத்தேயுவோ கானானிய ஸ்திரீ என்று எழுதுகிறான், அவன் நாளில் அது பழைய காலத்துப் பெயர், யோசுவா புத்தகத்துப் பெயர், ஒருவரையும் உயிரோடு விடாதே என்று சொல்லப்பட்ட ஜனத்தின் பெயர். அந்தப் பெயரோடு ஒரு தாய் வருகிறாள், கையில் பட்டயம் இல்லை, வீட்டில் நோயாளிப் பெண்பிள்ளை. எனக்கு இரங்கும் என்று கத்துகிறாள். சீஷர்கள் அனுப்பிவிடச் சொல்கிறார்கள், இயேசுவே முதலில் நாய்க்குட்டிகள் என்று ஒரு கடினமான வார்த்தை சொல்கிறார், அதை இனிப்புத் தடவி நான் விளக்கப்போவதில்லை, அது இன்றும் காதில் உறுத்துகிறது. அவள் விடவில்லை. வாதாடி ஜெயிக்கிறாள். "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்கிறார். கானானியரின் குழந்தை பிழைக்கிறது. சகோதரி, விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்ததற்குத்தான் அங்கே விசுவாசம் என்று பெயர் கிடைக்கிறது.

இங்கே ஒன்றில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்று இரண்டாகப் பிரித்து முடித்துவிடாதீர்கள். மார்சியன் என்பவர் அதைத்தான் செய்தார், கி.பி. 144 வாக்கில் ரோமாபுரிச் சபை அவரை விலக்கிவிட்டது, விலக்கியது சரி. எப்பிராயீமே உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று உருகுகிறவர் ஓசியா 11-இன் தேவன். நினிவேயின் லட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் மிருகஜீவன்களுக்கும்கூடப் பரிதபிக்கிறவர் யோனாவின் தேவன். மறுபக்கம், அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்தது புதிய ஏற்பாட்டில்தான், குதிரைகளின் கடிவாளம் மட்டும் இரத்தம் பெருகுவது வெளிப்படுத்தலில்தான். யூதர்களின் புத்தகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது.

ஒரு வசனத்தை இப்படிச் சந்தேகித்தால் மொத்தமும் சரிந்துவிடாதா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஒரு நூலை உருவினால் முழுத் துணியும் பிரிந்துவிடும் என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் எது இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்று பவுல் ஒரு இடத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், 1 கொரிந்தியர் 15. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா. பாரம் முழுவதையும் அவர் வைத்த இடம் அந்த உயிர்த்தெழுதல். அமலேக்கைப் பற்றி சாமுவேல் கேட்டது சரியாகக் கேட்டானா என்பதன்மேல் அப்போஸ்தலர் யாரும் சபையைக் கட்டவில்லை. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று இயேசு சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளைக் கையில் ஏந்தி ஆசீர்வதித்தவரைக் கண்டாயிற்று. தன்னை ஆணியடித்தவர்களுக்காக ஜெபித்தவரைக் கண்டாயிற்று. பட்டயத்தை உறையில் போடச் சொல்லிவிட்டுப் பட்டயக்காரர்களின் கையில் தானே செத்தவரைக் கண்டாயிற்று. பிதாவின் முகம் இது என்றால் இதற்குப் பொருந்தாத எதையும், அது வேதத்தில் எழுதியிருந்தாலும், இந்த முகத்தின் வெளிச்சத்தில் வைத்துத்தான் நான் வாசிப்பேன்.

நம்பிக்கை அங்கேதான் தொடங்குகிறது. தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்பது உண்மையானால், கொலை செய்யப்பட்டவர்கள் கதை கொலையோடு முடியவில்லை. அமலேக்கியரின் குழந்தைகளுக்கும், நோபின் குழந்தைகளுக்கும், மிஸ்டிக்கில் வெந்துபோன குழந்தைகளுக்கும் ஒரு நாள் உண்டு. அவர்கள் நிற்கப்போவது யாருக்கு முன்? கொன்றவர்கள் அணியிலே நிற்காமல் கொல்லப்பட்டவர்கள் அணியிலே நின்றவருக்கு முன். ஆபிரகாம் கேட்ட அந்தச் சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்வார் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி இல்லை, இது ஒன்றுதான், இது எனக்குப் போதுமாயிருக்கிறது. 1 சாமுவேல் 15-க்கு விடை கண்டுபிடித்த பிறகுதான் நம்ப முடியும் என்றால் நம்மில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டோம்.

இன்னொரு கடினமான இடத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் வாசிப்பு அட்டவணையில் அது பின்னால் வரும். சங்கீதம் 137. பாபிலோன் ஆறுகளண்டையில் என்று அழகாகத் தொடங்கி, உன் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று முடியும். இது அமலேக்கைப் போன்ற வசனம் இல்லை, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் கர்த்தர் ஒன்றும் கட்டளையிடவில்லை, பேசுகிறவன் எல்லாவற்றையும் இழந்த ஒரு கைதி. கி.மு. 587 வாக்கில் எருசலேம் விழுந்தபோது என்ன நடந்தது என்று 2 இராஜாக்கள் 25-ஐயும் புலம்பலையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சிதேக்கியாவின் பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டி, பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள், அவன் கடைசியாகப் பார்த்தது அதுதான். முற்றுகையில் தாய்மார் தங்கள் பிள்ளைகளையே சமைத்தார்கள் என்று புலம்பல் 4 சொல்கிறது. அந்த ஊரிலிருந்து வந்தவன் இப்படிப் பேசாமல் வேறெப்படிப் பேசுவான்? அவன் கல்லை எடுக்கவில்லை, தன் வெறியை அப்படியே ஜெபமாக ஆண்டவர் முன்னால் கொட்டிவிட்டான்.

ஓரிகேன் என்ற வேத அறிஞர் மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் குழந்தைகளைத் தீய எண்ணங்கள் என்றும், வளரும் முன்னே அவற்றைக் கிறிஸ்து என்ற கன்மலையில் மோதி ஒழிக்க வேண்டும் என்றும் விளக்கினார். ஆத்துமாவுக்கு நல்ல புத்திதான், ஆனால் அழுகிறவன் சத்தம் அதில் கேட்காமல் போய்விடுகிறது. கத்தோலிக்க சபை 1971-இல் வெளியிட்ட தினசரி ஜெபப் புத்தகத்தில் இந்தக் கடைசி வசனங்களையும், சாபம் நிறைந்த 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுவதுமாகவும் எடுத்துவிட்டது. ஜெபிக்கிறவர்கள் இடறக்கூடாது என்ற அக்கறை புரிகிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் இந்த ஜெபம் தானாக வருகிறது, வேதத்தில் அதற்கு இடம் இல்லை என்றால் அவர்கள் அதை எங்கே கொண்டுபோவார்கள்?

நடைமுறைக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு 1 சாமுவேல் 15-ஐ நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பாடத்திட்டத்தில் இருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். ஆனால் எரிகோ மதிலைச் சுற்றி நடக்கிற பாடம் எல்லா வருஷமும் வரும், பிள்ளைகள் கைதட்டிச் சுற்றி வருவார்கள், அதில் ஒரு பிள்ளை நின்று, உள்ளே இருந்த பாப்பாக்கள் என்ன ஆனார்கள் டீச்சர் என்று கேட்கும். நிச்சயம் கேட்கும். அப்போது அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள், அதட்டவும் செய்யாதீர்கள். அவர்களும் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறது, எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது, இயேசுவுக்குப் பாப்பாக்கள் எல்லாரையும் பிடிக்கும், எரிகோ பாப்பாவையும் பிடிக்கும் என்று சொல்லுங்கள். எரிகோவில் வேவுகாரர்களை ஒளித்துவைத்த ராகாபின் வீடு முழுவதும் தப்பியதையும் சொல்லுங்கள். பத்து வயதுக்கு அதுவே போதும். பெரிய பிள்ளைகளிடம் நோபையும் அமலேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கொடுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அட்டவணையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். தினம் மூன்று அதிகாரம் என்று ஓடுகிற வாசிப்பில் இந்த மாதிரி இடங்களில் நின்று மூச்சுவிட நேரம் இருக்காது. மாற்கு சுவிசேஷத்தை மெதுவாக ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள், அப்புறம் ரூத், யோனா, ஓசியா 11. 1 சாமுவேல் அங்கேயேதான் இருக்கும். ஜெபம் வரவில்லை என்றால் சங்கீதம் 88-ஐ உங்கள் ஜெபமாக வாசியுங்கள், எல்லாச் சங்கீதமும் கடைசியில் துதியாக மாறும் என்று நமக்குப் பழக்கம், அது மாறாது, இருளிலேயே முடியும், அதையும் பரிசுத்த வேதம் என்றுதான் சேர்த்திருக்கிறார்கள். யோபின் நண்பர்கள் கடவுளுக்காக எவ்வளவோ வக்காலத்து வாங்கினார்கள், கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டு, என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். சண்டை போட்டவன் யோபு.

முடிந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கேள்வியைக் கேட்டதும் உங்கள் விசுவாசத்தை அளக்கத் தொடங்குகிறவர் வேண்டாம், எனக்கும் இது தெரியவில்லை, உட்காருங்கள், சேர்ந்து வாசிப்போம் என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். அது போதகராக இருக்கலாம், ஒரு வயதான அம்மாவாக இருக்கலாம், உங்கள் சபையில் வாயே திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவதாகவும் இருக்கலாம். அவர்களில் சிலர் இந்த 15-ஆம் அதிகாரத்தில் உங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றவர்களாக இருப்பார்கள்.